இலங்கைப் படம் தெளிவாக வந்த நாட்கள்

1993 ஆடி மாதம் அந்த மலையடி ஊருக்கு அஞ்சலக எழுத்தராகப் போய்ச் சேர்ந்தேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, லாரியில் கொண்டுவந்து கொட்டியது போன்ற பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருந்தது ஊர். நான் பிறந்தது மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில். எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாத முதல் ஆண் நான்தான். எனக்குப் பதினோரு வயதாகும்போது ஒரு கார்த்திகையில் அப்பா கடலுக்குப் போனார். அவருடைய கட்டுமரம் மட்டும் நான்காம் நாள் கரைக்கு வந்தது. அதே மாதிரி ஒரு கட்டுமரத்தில் கடலுக்குப் போய்த்தான் அண்ணன் என்னைப் படிக்கவைத்தார்.

கடலைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவனுக்குக் கடலைப் பார்க்க முடியாத இடத்தில் பயம் கூடும் என்பதை அந்த ஊரில்தான் தெரிந்துகொண்டேன். குப்பத்தில் இருந்தவரை எழுந்ததும் வெளியே வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். இங்கே நாலு பக்கமும் பாறை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அது இந்த மலையிடுக்கின் காற்றா, அங்கேயும் இப்படித்தான் அடிக்கிறதா என்று தெரியாது. வானொலியில் வானிலை சொல்வார்கள். காதால் கேட்டது எனக்குப் போதவில்லை. தொலைக்காட்சியில் காட்டும் மேகப் படத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் போலிருந்தது.

அஞ்சலகத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கக் குடும்பம். ஊரே அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டது. புதுச்சேரியில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக்கொடுத்த கறுப்பு வெள்ளை டிவி ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ஒன்றும் தெரியாது. ஒளிபரப்புக் கோபுரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் மலை நின்றது.

"இதுல எங்க தம்பி படம் தெரியுது? அரிசி களைஞ்ச தண்ணிதான் தெரியுது. என் பையன் வரும்போதெல்லாம் போட்டுக் காட்டுவேன், பாவம், மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அவனும் பாத்துக்கினு இருப்பான்," என்றார் நர்ஸம்மா.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பூசைக்குப் போய் வந்த பிறகு, வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறையின் உச்சிக்கு ஆன்டெனாவைக் கொண்டுபோனேன். இரும்புக் குழாயைப் பாறை வெடிப்பில் நிறுத்தி, கல்லடுக்கிக் கட்டினேன். அங்கிருந்து வீடுவரை தட்டை வயர், நடுவில் ஒரு பூஸ்டர். உச்சியிலிருந்து கத்தினால் கீழே கேட்காது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் மேலே குழாயைத் திருப்புவேன். நர்ஸம்மா டிவி முன்னால் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக உட்கார்ந்திருப்பார். ஒரு தட்டு தட்டினால் படம் வந்துவிட்டது. இரண்டு என்றால் படமும் பேச்சும். விடாமல் தட்டினால், 'போதும், இறங்கி வா' என்று பொருள். அந்த ஓசை பாறையில் பட்டு ஊர் முழுக்கக் கேட்கும். அன்று மாலை மேகப் படத்தைப் பார்த்தேன். வங்கக் கடல் வெறுமையாகக் கிடந்தது. ஊருக்கு வந்த பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

அந்தப் பாறையில் குரங்குகள் அதிகம். ஆன்டெனாவின் அலுமினியக் குச்சிகளைப் பிடித்துத் தொங்கும், ஆடும், திருப்பிவிட்டுப் போகும். 1994 பங்குனியில் ஒரு காலை, காற்றே இல்லாத புழுக்கம். அஞ்சலகம் திறக்குமுன் முத்திரையில் தேதியை மாற்றிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா ஓடிவந்தார்.

"தம்பி, ஜல்தியா வாங்க. நம்ம டிவியில யாரோ புரியாத பாஷையில பேசிக்கினு இருக்காங்க!"

போய்ப் பார்த்தேன். சுருள் சுருளான எழுத்து. இலங்கைத் தொலைக்காட்சி. புள்ளியில்லாமல், நடுக்கமில்லாமல், பக்கத்து ஊரிலிருந்து வருவது போல வந்துகொண்டிருந்தது. பாறைமேல் ஏறிப் பார்த்தால் ஆன்டெனா தென்கிழக்கைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"கொரங்கு செஞ்ச வேலைங்களா?" என்று சிரித்தார் நர்ஸம்மா. "சர்க்காரு சம்பளம் வாங்கற உங்களுக்குத் தெரியாதது அதுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க."

அன்றே ஒரு நோட்டு போட்டேன். நாள், நேரம், ஆன்டெனா பார்த்த திசை, படம், பேச்சு என்று ஐந்து கட்டங்கள். தினமும் காலையில் ஏறி ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் வராது. சில நாட்களில் நிழல் மாதிரி வரும். எப்போதாவது கண்ணாடிபோல வரும். ஞாயிறுதோறும் அஞ்சலகத் தொலைபேசியிலிருந்து குப்பத்துச் சாலையோரம் இருந்த பூத்துக்குக் கூப்பிட்டு, அண்ணனை அழைத்துவரச் சொல்லிப் பேசுவேன். அவர் அந்த வாரத்துக் கடலைப் பற்றிச் சொல்வார். அதைக் குறித்துவைக்க ஆறாவது கட்டம் போட்டேன்: மறுநாள் கடல்.

ஒரு வருடம் கழித்து நோட்டைப் புரட்டியபோது கை நின்றது. இலங்கைப் படம் தெளிவாக வந்த ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள், ஆறாவது கட்டத்தில் ஒரே சொல்தான் இருந்தது. அமைதி. ஒரு முறைகூடத் தப்பவில்லை. திண்டிவனம் நூலகத்தில் ஒரு பழைய இயற்பியல் புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். காற்று அசையாமல் இருக்கும்போது கடலுக்கு மேலே சூடான காற்று ஒரு மூடிபோலப் படியும். நேராகப் போய் வானத்தில் தொலையவேண்டிய அலை அந்த மூடிக்குக் கீழே வளைந்து நெடுந்தொலைவு போகும் என்று எழுதியிருந்தது. காற்று அசையவில்லை என்றால் கடலும் அசையாது. அந்த அத்தியாயத்தை அதோடு மூடிவிட்டேன்.

அடுத்த முறை படம் வந்தபோது ஞாயிறுவரை காத்திருக்கவில்லை. உடனே பூத்துக்குக் கூப்பிட்டேன்.

"டேய், கடக்கரையில பொறந்துட்டு மலையில ஒக்காந்துக்கினு எனக்குக் காத்து சொல்றியா?" என்றார் அண்ணன். ஆனால் போய்விட்டு வந்து, "நீ சொன்னாப்பலதான்டா இருந்துச்சு," என்றார். அப்புறம் அண்ணி பேசினார். "தம்பி, நீங்க படம் வந்துச்சுன்னு சொல்ற அன்னிக்குத்தான் எனக்குச் சோறு எறங்குது."

அண்ணனோடு மரத்தில் போகும் கூட்டாளி ஒருவர் இருந்தார். எதற்கும் கேலி பேசுபவர். என் தொழிலையே எனக்குப் பெயராக்கிவிட்டார். போனை அண்ணன் கையிலிருந்து பிடுங்கி, "என்ன தபாலு, படம் வந்துச்சா? ஈரோயின் யாரு?" என்பார். இரண்டரை வருடம் இப்படிப் போயிற்று. அந்த வருடங்களில் என் பயம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நோட்டுக்குள் போய் அடங்கிக்கொண்டது. நான் அதை அறிவு என்று நினைத்திருந்தேன்.

1997 கார்த்திகை. அதற்குள் நான்காவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக மழை விட்டிருந்தது. காலை ஆறரைக்கு ஆன்டெனாவைத் திருப்பியதும் கீழே தட்டு இரண்டு முறை ஒலித்தது. இறங்கிவந்து பார்த்தேன். அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை. செய்தி வாசித்த பெண்ணின் தோட்டில் எத்தனை கல் என்று எண்ணலாம்.

"மாதா புண்ணியம், நம்ம ஊரு டேசன்கூட இப்பிடி வந்தது கெடையாது," என்றார் நர்ஸம்மா.

பூத்துக்குக் கூப்பிட்டேன். அண்ணன் வந்து பேசினார்.

"நாளைக்குப் போவணுமான்னு பாக்கறேன்டா. கெழக்க மேகம் ஒரு மாதிரியா இருக்குது. வாடக் காத்துல ஒரு நாத்தம் வருது."

"அண்ணே, படம் வந்துச்சு. இவ்ளோ தெளிவா எப்பவுமே வந்ததில்ல."



"வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"சரி."

இந்த மூன்று சொற்களையும் அப்படியே நோட்டில் எழுதியிருக்கிறேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. வழக்கமாகப் பேச்சை எழுதமாட்டேன்.

மறுநாள் காலை விழித்தபோது ஓட்டின்மேல் ஏதோ ஊர்வது போன்ற சத்தம். காற்று. தென்கிழக்கே இலங்கை இல்லை, வெறும் புள்ளிகள். நம் நிலையத்துக்குத் திருப்பிச் செய்தி பார்க்கலாம் என்று பாறையில் ஏறினேன். பாதி தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பாறையில் கால் வழுக்க, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். உச்சியில் குழாய் கைக்குள் நிற்காமல் துடித்தது. வடக்கே திருப்பினேன். காதைக் கூர்மையாக்கினேன். தட்டு ஒலிக்கிறதா, ஒலித்தும் காற்றில் போய்விட்டதா, தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று நோட்டில் இல்லை. அப்புறம் மிக மெல்ல, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, தட்டு ஒலித்தது. ஒன்று, இரண்டு. பிறகு நிற்காமல், நிற்காமல்.

நர்ஸம்மா வாசலுக்கே வந்து நின்றார். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலையில் ஒரு துண்டைக் கிள்ளி அடுப்பில் போட்டிருந்தார். இடி மழைக்கு அவர் வழக்கம் அது. வீடெல்லாம் அந்தப் புகை. "தம்பி, புயல் மாதிரி ஏதோ சொல்றாங்க. மீன் புடிக்கறவங்க போவக் கூடாதாம்," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு நான் நேற்று போனில் சொன்னது தெரியும். பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

திரையில் மேகப் படம். கடற்கரைக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுருள், பஞ்சைத் திரித்துவைத்தது போல.

பூத்தில் எடுத்தவர் சொன்னார்: "அண்ணன் விடியறதுக்கு முன்னமே போய்ட்டாருங்க. அவரும் கூட்டாளியும் ரெண்டு பேரு மட்டுந்தான். வேற யாரும் போவல." அதோடு இணைப்பு அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை.

வேறு யாரும் போகவில்லை. பேருந்தில் திண்டிவனம்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்குத் தம்பி இல்லை, டிவி இல்லை, நோட்டு இல்லை. மேகத்தைப் பார்த்தார்கள், போகவில்லை. திண்டிவனத்தில் மரக்காணம் பேருந்து ஒன்றுதான் கிளம்பியது. ஓட்டுநர் சாலையோரத்துப் பனைகளை அண்ணாந்து பார்த்துப் பார்த்து ஓட்டினார். உப்பளங்களும் சாலையும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. கடைசி மூன்று கல் தூரம் நடந்தேன். கடல் கண்ணுக்குத் தெரியும்முன் சத்தம் தெரிந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பதினோரு வயதிலிருந்து தெரியும்.

கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்துக் கட்டியிருந்த இடத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். புடவையெல்லாம் மணலும் தண்ணீரும். என்னைப் பார்த்ததும் அழவில்லை, ஏசவில்லை.

"தம்பி, நேத்து படம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு அண்ணி."

"அப்ப ஒண்ணும் ஆவாது." என்னை நம்பவைப்பதற்காக இல்லை, அவர் உண்மையிலேயே நம்பிச் சொன்னார். "நல்லா வந்த அன்னிக்கு ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்லியே."

அதைவிடப் பயங்கரமான ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

குப்பத்து ஆட்கள் கும்பல் கும்பலாக நின்றார்கள். யாரும் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்காக நின்ற அன்றும் இப்படித்தான் யாரும் எங்களிடம் பேசவில்லை என்பது ஞாபகம் வந்தது. பொழுது சாய்ந்தது, விடிந்தது. காற்று மேற்கே திரும்பிக் குறைந்தது. கரையில் ஒரு வலை மிதவை ஒதுங்கியது. அண்ணி ஓடிப்போய் எடுத்துப் பார்த்து, நம்முடையது இல்லை என்று வீசினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போய் எடுத்துப் பார்த்தார். மறுபடி வீசினார்.

நடுப்பகலுக்குச் சற்று முன், தெற்கேயிருந்து கடலோரமாக இரண்டு பேர் நடந்துவந்தார்கள். ஒருவர் இன்னொருவரைத் தாங்கிக்கொண்டிருந்தார். தாங்கியவர் அண்ணன். புதுச்சேரிக்கு இந்தப் பக்கம் ஏதோ ஒரு கரையில் அலை அவர்களைத் தூக்கிப் போட்டிருக்கிறது. வலை போயிற்று, மரம் பிரிந்துபோயிற்று. ஒரே ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு இருவரும் வந்திருக்கிறார்கள். கூட்டாளியின் இடது தோள் இறங்கிப்போயிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். முதல்முறையாகக் கேலி எதுவும் பேசவில்லை.

அண்ணி கஞ்சி கொடுத்தார். அண்ணன் குடித்து முடிக்கும்வரை நான் வாசற்படியை விட்டு உள்ளே போகவில்லை. அவரே கூப்பிட்டார்.

"நாத்தம் தெரிஞ்சுதுடா. காலம்பறகூடத் தெரிஞ்சுது. எங்கூட வந்தவனும் வேணாம்னான். நான்தான், தம்பி படம் வந்துச்சுன்னு சொல்லிட்டான், வான்னு இழுத்துக்கினு போனேன். என் மூக்க நானே நம்பல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூட்டாளி அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை. மரக்காணம் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பொங்கலுக்குப் பொங்கல் பார்க்கும்போதெல்லாம் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்பார், "என்ன தபாலு, படம் வந்துச்சா?" பழைய கேள்விதான். சிரிப்பார். நானும் சிரிக்கவேண்டியிருந்தது.

நோட்டு எழுதுவதை நான் நிறுத்தவில்லை. போன் செய்வதை நிறுத்தினேன். விழுப்புரத்துக்கு மாற்றலான பிறகு, 2001-இல், அங்கே ஒரு நூலகத்தில் அதே இயற்பியல் புத்தகத்தின் வேறு பதிப்பு கையில் கிடைத்தது. அன்று நான் மூடிய அத்தியாயத்தைத் தொடர்ந்து படித்தேன். இரண்டே பக்கம் தள்ளி இருந்தது. பெரிய புயலின் ஓரங்களில் காற்று மேலிருந்து கீழே இறங்கும், இறங்கும்போது சூடாகும், அதுவும் அதே மாதிரி ஒரு மூடியை உண்டாக்கும். அன்று அந்தப் பெண்ணின் தோட்டுக் கற்களை எனக்குக் காட்டியது அந்தப் புயலேதான். அது தன் முந்தானை ஓரத்தை எங்கள் கடல்மேல் விரித்திருந்தது. நூலகம் சாத்தும்வரை அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2004 டிசம்பரைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. அண்ணனும் அண்ணியும் உயிரோடு இருந்தார்கள், வீடு இல்லை. அதற்குப் பிறகு அண்ணன் ஃபைபர் படகுக்கு மாறினார்.

விழுப்புரம், திண்டிவனம் என்று சுற்றிவிட்டு 2016-இல் பழைய மலையடி ஊருக்கே மாற்றலாகி வந்தேன். எல்லா வீட்டு மாடியிலும் டிஷ் இருந்தது. நர்ஸம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. வீடு அதேதான், எவர்சில்வர் தட்டுகூட அதேதான். டிஷ் இல்லாமலே, தரைவழியாக டிஜிட்டல் ஒளிபரப்பு சென்னையிலிருந்து வருகிறது என்று படித்து, ஒரு சிறு பெட்டியை வாங்கிவந்து, பாறை வெடிப்பில் துருப்பிடித்து நின்ற குழாயில் புது ஆன்டெனாவைக் கட்டினேன்.

"டிஷ்ஷு இருக்கும்போது இது இன்னாத்துக்கு தம்பி? உங்களுக்கு இன்னும் கொரங்கு புத்தி போவல," என்றார் நர்ஸம்மா.

அவர் சொன்னது சரிதான். ஆனால் கையை அடக்க முடியவில்லை. பழைய டிவியில் படம் வராவிட்டாலும் ஏதோ ஒன்று தெரியும். புள்ளிகள் கூடும், குறையும், நிழல் ஆடும். ஓர் ஆள் கதவுக்கு வெளியே நிற்பது போலிருக்கும். டிஜிட்டலில் அப்படி எதுவும் இல்லை. நீலத் திரை. நடுவில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே நீலம். சென்னைக்கும் எங்களுக்கும் நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல், அப்புறம் இந்த மலை. கொஞ்சம் வருகிறது என்பதே கிடையாது. வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் சுத்தமாக இல்லை. மாதக்கணக்கில் நீலத்தைத்தான் நோட்டில் எழுதினேன். ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்த வருடம் கார்த்திகையில் ஒரு காலை. இலை அசையவில்லை. அஞ்சலகம் போகுமுன் பழக்கதோஷத்தில் பெட்டியைப் போட்டேன். நீலம் வந்தது. பிறகு நீலம் போய், ஒரு கணம் கறுப்பாகி, படம் வந்தது. ஒரு புள்ளி இல்லை. ஒருவர் வயல் வரப்பில் நின்று உரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பொத்தானில் இருந்த நூல்கூடத் தெரிந்தது.

அடுத்த அறையிலிருந்து நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். கையில் தட்டு இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

வானிலை அறிவிப்பு எதுவும் இல்லை. இப்போதெல்லாம் அண்ணனுக்குச் செல்போனிலேயே செய்தி வந்துவிடும். என் உதவி யாருக்கும் தேவையில்லை. தெரிந்தும் போனை எடுத்தேன். இருபது வருடம் அண்ணனிடம் படம் என்ற சொல்லை நான் எடுத்ததில்லை. இப்போதும் எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத்தான் வேண்டும், சொல்லக் கூடாது.

"அண்ணே, கடலுக்குக் கெளம்பிட்டியா?"

"வல ஏத்திக்கினு இருக்கேன். ஏன்டா?"

"ஒண்ணுமில்ல. காத்து எப்பிடிண்ணே இருக்குது?"

"காத்தே இல்ல. கடலு பாலு மாதிரி கெடக்குது."

"நாத்தம் ஏதாவது..."

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், அவர் 'இரு' என்றார்.

"டேய். படம் வந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"வந்துச்சுண்ணே."

"நல்லா வந்துச்சா?"

"ரொம்ப நல்லா."

திரையில் உரம் பற்றிப் பேசியவர் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே உறைந்து நின்றார். அவர் தோளின்மேல் சதுரம் சதுரமாகப் படம் உடைந்தது.

"சரி, நான் படகுலேர்ந்து வலைய எறக்கிடறேன்," என்றார் அண்ணன். "நீ மொதல்ல அந்தப் பொட்டிய ஆஃப் பண்ணு."